ஊராருடைய எருமைகள்

மனுவை எழுதி முடித்ததும் மரியசூசை அதை உடனே கொடுத்துவிட மாட்டார். பேனாவை மறுபடி மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பிப் போவார். எழுத்துகளின் தலைமாட்டில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வளைந்த சின்னப் புள்ளிகளை வைத்துக்கொண்டே கடைசி வரி வரை இறங்குவார். ரசத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொத்தமல்லி தூவுகிற நிதானம் அந்தக் கையில் இருக்கும். அதன் பிறகுதான் காகிதம் கைமாறும்.

அரியலூரில் ஜனங்கள் கச்சேரி என்று சொன்ன சர்க்கார் ஆபீசின் வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு சாய்வு மேஜையும் தகரப் பெட்டியுமாக அவர் வந்து உட்கார்ந்தது 1934இல். ஒன்பது வருஷமாக அந்தப் புள்ளி வைக்கும் வேலை ஒரு நாளும் தவறியதில்லை. பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து முத்திரை வில்லை விற்கும் பிச்சைமுத்து, அவசரப்படுகிற ஆட்களைப் பார்த்து, "இருங்கய்யா, அண்ணன் முந்திரிக்கொட்டை போடுறாரு" என்பான்.

முந்திரிக்கொட்டை என்று பேர் வைத்தது மரியசூசைதான். ஒரு மத்தியான வேளையில் பிச்சைமுத்து கேட்டதற்கு அவர் விளக்கம் சொன்னார்.

"இங்கிலீசுல ஒரு பொருள் இன்னாரோடதுன்னு சொல்லணும்னா எஸ்னு ஒரு எழுத்து வரும். ஒரு ஆளோடதுன்னா அந்தக் கொட்டைய எஸ்ஸுக்கு முன்னாடி வைக்கணும். பல பேரோடதுன்னா எஸ்ஸுக்குப் பின்னாடி. முந்திரிப் பழத்துல கொட்டை வெளிய தொங்குதுல்ல, அந்த மாதிரி."

"நீங்க எப்பவும் வெளியதானே தொங்க விடுறீங்க?"

"ஆமா."

"அப்ப ஒத்தை ஆளு மேல யாரும் உங்ககிட்ட மனு எழுத வர்றதே இல்லியா?"

"வர்றதெல்லாம் ஒத்தை ஆளு மேலதான். எழுதுறப்ப நான் பல பேராக்கிடுவேன்."

பிச்சைமுத்து சிரித்தான். ஆனால் மரியசூசை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருடைய தொழில்முறையே அதுதான்.

தமிழில் ஒரு சங்கதி சொல்லும்போது ஆள் முன்னால் வந்து நின்றுவிடுகிறான். இன்னான் வந்தான், இன்னான் வெட்டினான், இன்னான் திட்டினான் என்று பேரைச் சொல்லித்தான் வாயே திறக்கிறோம். திருச்சிராப்பள்ளியில் பாதிரிமார்கள் நடத்திய பள்ளியில், கணக்கில் தோற்று மெட்ரிகுலேஷனை விட்டுவிட்டு வருமுன், மரியசூசை ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கிய அமைப்பு. அதில் நடந்த காரியம் முன்னால் வரும். வேலி பிரிக்கப்பட்டது, வரப்பு குறைக்கப்பட்டது. செய்தது யார் என்பது வாக்கியத்தின் வாலில், 'பை' என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விருப்பமில்லையென்றால் வாலை நறுக்கிவிடலாம். வால் இல்லாத வாக்கியத்தை ஆபீசர்கள் நம்புவதில்லை என்பதால் மரியசூசை வாலை விட்டுவைப்பார். ஆனால் அந்த வாலில் ஒரு மனிதனை நிறுத்த மாட்டார். வேலி பிரிக்கப்பட்டது, அண்டை அயலாருடைய ஆடுகளால். கயிறு அறுக்கப்பட்டது, பிள்ளைகளுடைய கைகளால். வண்ணார்களுடைய கழுதைகள், குடியானவர்களுடைய வண்டிகள், பங்காளிகளுடைய மரங்கள் என்று எப்போதும் ஒரு கூட்டம், எப்போதும் கொட்டை வெளியே.

பெரும்பாலும் அது நன்றாகவே வேலை செய்தது. ஆபீசர் இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பொதுவாக ஒரு சத்தம் போட்டு அனுப்புவார். மனு கொடுத்தவனும் கொடுக்கப்பட்டவனும் ஒரே வண்டியில் ஊர் திரும்புவார்கள். பேர் எழுதப்படாததால் ரெண்டு பேருக்கும் முகம் மிஞ்சியிருக்கும்.

வீட்டில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. அவர் மனைவி மதலேனம்மாள் ஒரு நாள் உடைந்த தயிர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, இது எப்படி ஒடைஞ்சுது?"

"பூனைங்க வந்திருக்கும்."

"நம்ம வூட்டுல ஏது பூனைங்க? மூக்குக்கண்ணாடி போட்ட பூனை ஒண்ணுதான் இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதலேனம்மாள் விடவில்லை. "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நீங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்ப சாமியார்கிட்ட என்ன சொல்லுவீங்க? சுவாமி, பாவங்கள் செய்யப்பட்டன, ஏலாக்குறிச்சிக்காரங்களுடைய நாக்குகளால், அப்படின்னா?"

மரியசூசைக்கும் சிரிப்பு வந்தது. சட்டியை உடைத்ததை அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வேர் ஏலாக்குறிச்சியில் இருந்தது. அவருடைய சொந்த ஊர். அங்கே அவர் சிறு பையனாக இருந்தபோது புறம்போக்கில் நின்ற நாலு பனைமரங்களை யாரோ வெட்டிவிட்டார்கள். வெளியூர் மனு எழுதுகிறவர் ஒருவர் 'சவரியார் வெட்டினார்' என்று சுருக்கமாக எழுதி அனுப்பிவிட்டார். ஏலாக்குறிச்சியில் அப்போது மூன்று சவரியார்கள் இருந்தார்கள். ஓடக்காரச் சவரியார், நெட்டைச் சவரியார், மரியசூசையின் அப்பா சவரியார். ஞானஸ்நானத்தில் ஒரே பேரைத் திரும்பத் திரும்ப வைக்கிற ஊரில், முன்னால் ஒரு அடைமொழி இல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. காகிதத்தில் அடைமொழி இல்லை. வந்த சேவகர்கள் கோயில் வாசலில் முதலில் கண்ட சவரியாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் கழித்து, தப்பு தெரிந்து, அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் யாரையும் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது சவரியாரே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கேட்காதது போல நடந்துகொண்டிருப்பார். சாகிற வரை அப்படித்தான்.

ஒரு மனிதனின் பேரைக் காகிதத்தில் எழுதுவது என்றால் மரியசூசைக்குக் கை கூசியது அதனால்தான். அதை அவர் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கலியம்மாள் வந்த பிறகுதான் வேறு ஏதாவதாகவும் இருக்குமோ என்ற எண்ணம் முதல்முறையாக வந்தது.

1943 ஆவணியில் கலியம்மாள் வந்தாள். அரியலூருக்குத் தெற்கே நாவலங்குறிச்சி. புருஷன் இல்லை, மாடு இல்லை, ஊருக்குக் கிழக்கே ஏரியை ஒட்டி ஒரு துண்டு கரிசல் நிலம் இருந்தது. ஆடியில் கம்பு விதைத்திருந்தாள். கையில் ஒரு பிடி கம்பந்தட்டையைச் சாட்சிக்கு எடுத்து வந்திருந்தாள். முழங்கால் உயரத்தில் மென்று துப்பின தட்டை.

"ரைட்டரய்யா, எழுதுங்க. வீரமுத்து எருமை என் கம்பைத் தின்னுடுச்சு."

"எந்த வீரமுத்து?"

"எங்கூர்ல ஒரே வீரமுத்துதான். என் வூட்டுக்காரருக்குப் பங்காளி. எனக்குக் கொழுந்தன் முறை."

"எருமைய நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனாவா. வாலைப் புடிச்சு இழுத்தேன். அது பாட்டுக்குத் தின்னுச்சு. ஒத்தைக் கொம்பு எருமை. அவன் வரப்புல நின்னுக்கிட்டு, தண்ணிக்கு வந்தது வழி தவறிடுச்சு அண்ணின்னான். மூணு நாளு வழி தவறிச்சு."

மரியசூசை எழுதினார். கச்சேரியில் அப்போதிருந்த ஆபீசர் தெலுங்குப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் படிக்கத் தடுமாறுவார் என்பதால் இங்கிலீஷ் மனுதான் எடுபடும் என்று பேச்சு. எழுதி முடித்து, கொட்டைகளைப் போட்டுவிட்டு, தம் வழக்கப்படி தமிழில் படித்துக் காட்டினார்.

"மேற்படி நிலத்தில் இருந்த கம்புப் பயிர், ஊராருடைய மாடுகளால் மேயப்பட்டு விட்டது."

கலியம்மாள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "வீரமுத்து எங்க?"

"உள்ள இருக்கான்."

"எங்க உள்ள?"

"ஊரார்ல அவனும் ஒருத்தன்தானே."

"அப்ப நானும் உள்ள இருக்கேனா?"

பிச்சைமுத்து வாயைப் பொத்திக்கொண்டான். மரியசூசை பொறுமையாக, பேர் எழுதினால் பகை வரும், பங்காளி உறவு கெடும், இப்படி எழுதினால் ஆபீசர் பொதுவாகக் கண்டித்து வைப்பார், வீரமுத்துவுக்கும் உறைக்கும் என்றெல்லாம் சொன்னார். படித்த மனிதர் சொல்கிறார் என்று அவளும் கட்டைவிரலை நீட்டினாள்.

புது ஆபீசருக்குப் பொதுவாகக் கண்டிக்கும் வழக்கம் தெரியவில்லை. அவர் காகிதத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். புரட்டாசி பிறந்ததும் தலையாரி நாவலங்குறிச்சித் தெருக்களில் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டு போனான். இன்று முதல் தை மாசம் வரை ஊர் மாடுகள் எதையும் ஏரிக்குள்ளே மேய விடக்கூடாது, மீறினால் மாட்டைப் பிடித்து சர்க்கார் பவுண்டுத் தொழுவத்தில் அடைப்பார்கள்.

ஏரியின் புல்லை நம்பித்தான் அந்த ஊர் மாடுகள் பிழைத்தன. மறுநாளிலிருந்து ஆண்களும் பெண்களும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாகப் புல் தேடி அலைந்தார்கள். வைக்கோல் போர் வைத்திருந்தது ஊரில் ஒரே ஒருவன். அது வீரமுத்து. அவனுடைய ஒத்தைக் கொம்பு எருமை கொட்டகையில் நின்றபடி வைக்கோல் தின்று பளபளவென்று ஆயிற்று.

ஊர் கலியம்மாளைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்தியது. அதைவிட மோசமான இன்னொன்றையும் செய்தது. நாவலங்குறிச்சியில் மாடு இல்லாதவர்கள் நிலத்தைத் தரிசாகப் போடுவதில்லை. ஒருவர் ஏரைக் கொண்டுவந்து ஒரு நாள் உழுது கொடுத்தால், அதற்கு ஈடாக இரண்டு நாள் அவர் வயலில் களை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏர்மாத்து என்பார்கள். புருஷன் போன பிறகு ஆறு வருஷமாகக் கலியம்மாள் அப்படித்தான் பயிர் வைத்தாள். இப்போது எந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் ஒரே பதில்.

"மாடு பட்டினி கெடக்குதே தாயி. நுகத்துல பூட்டுனா விழுந்துடும். ஏரியில மேஞ்சிருந்தா தெம்பா இருந்திருக்கும்."

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை இறங்கியது. இரண்டு நாள் அடித்துப் பெய்துவிட்டு வெளுத்தது. கரிசல் நிலத்துக்கு மழை விட்ட மூன்றாம் நாள் தொடங்கி நாலைந்து நாள்தான் பதம். அதற்குள் உழுது விதைத்துவிட்டால் பனியிலேயே சோளமும் கொத்தமல்லியும் வந்துவிடும். விட்டால் நிலம் பாறையாக இறுகி, பாளம் பாளமாக வெடித்துவிடும். கம்பு பறிபோன அதே வருஷத்தில் சோளமும் போனால், அரிசி கண்ணில் காணாத அந்த யுத்த காலத்தில், கலியம்மாள் தையில் என்ன சாப்பிடுவாள் என்பது யாருக்கும் தெரியாத கணக்கல்ல.

மழை வெளுத்த அன்று காலையில் அவள் வேப்பமரத்தடிக்கு வந்தாள். இந்தத் தடவை தட்டை கொண்டுவரவில்லை.

"ரைட்டரே, உங்க காயிதம் ஊர் மாட்டையெல்லாம் கட்டிப்போட்டுச்சு. தின்ன எருமை மட்டும் மாப்பிள்ளை மாதிரி உக்காந்து தின்னுது. எனக்கு ஏர் குடுக்க ஆளில்ல. இன்னொண்ணு எழுதுங்க. வீரமுத்து எருமைன்னு எழுதுங்க. ஊர் மேல தப்பில்லன்னு எழுதுங்க. ஊர் மாடு ஏரிக்குப் போவட்டும்."

மரியசூசை மேஜையின் ஓரத்தைத் துடைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத தம் அப்பாவின் கதையை அவளிடம் சொன்னார். மூன்று சவரியார்கள், ஒன்பது நாள், திரும்பிப் பார்க்காத தலை.

"பாவந்தான் உங்கப்பா" என்றாள். "ஆனா எங்கூர்ல வீரமுத்து ஒருத்தன்தானே."

அவர் பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார். "எழுதறேன். ஆனா எழுதி, அது மேல போயி, உத்தரவு வர ஒரு மாசம் ஆவும். உங்க நிலத்துக்கு நாலு நாளுதானே."

"எழுதறேன்னு சொல்லிட்டீங்க. சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மதலேனம்மாள் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"மழைக்கு இங்கிலீசு தெரியாதுங்க" என்றாள். "நீங்க மனு எழுதிட்டு உக்காந்திருந்தா நெலம் காத்திருக்குமா? எங்கண்ணன் வூட்டுல ஒரு சோடி மாடு சும்மா நிக்குது. நாளைக்கு ஏலாக்குறிச்சி போயி ஓட்டிட்டு வாங்க."

"யாரு உழுவுறது?"

"நெலங்க உழப்படும், ரைட்டருங்களுடைய கைகளால்."

அவருக்கு இருபது வருஷமாக மேழி பிடித்த பழக்கமில்லை. பிடித்த காலத்திலும் அது கொள்ளிடக்கரை மணல் கலந்த மண். இருந்தாலும் மறுநாள் ஏலாக்குறிச்சிக்குப் போனார், அதற்கு மறுநாள் விடியலில் மாடுகளை ஓட்டிக்கொண்டு, ஏரை நுகத்தில் கவிழ்த்துப் போட்டு, பதினைந்து மைல் நடந்து, பொழுது உச்சிக்கு வருமுன் நாவலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகியிருந்தார். கழற்றிய பிறகு அவருக்கு எதிர் வரப்பு புகையாகத்தான் தெரிந்தது.

யாராவது ஏரோடு வருவார்களா என்று கலியம்மாள் விதைக் கூடையோடு நின்றாள். "நீங்களா?" என்றாள்.

முதல் சால் ஓட்டினார். ஆற்றங்கரை மாடுகள் கரிசலைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் குளம்பில் அப்பிக்கொண்ட களிமண்ணை உதறுவதற்கு நின்றன. இடது மாடு நின்றால் வலது மாடு திரும்பி அதை விசாரித்தது. கொழு ஒரு இடத்தில் மேலே சுரண்டியது, இன்னொரு இடத்தில் முழங்கை ஆழம் இறங்கி மாட்டிக்கொண்டது. சால் நெளிந்து வளைந்து போய், நிலத்தின் பாதியில், கிளம்பிய இடத்தையே பார்த்துத் திரும்பியது.

செய்தி பரவி, ஊர் வரப்புக்கு வந்தது. ஒருவர், இருவர், பிறகு இருபது முப்பது பேர். புல் அறுக்கப் போனவர்கள் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே நின்றார்கள்.

"யாருய்யா அது?"

"மனு எழுதுற ரைட்டராம். ஊர் மாட்டையெல்லாம் கட்டிப்போட்டவரு."

"உழுறாரா, கையெழுத்துப் போடுறாரா?"

"கையெழுத்துதான். கீழ கோடும் போடுவாரு பாரு."

மரியசூசைக்கு எல்லாம் காதில் விழுந்தது. உள்ளங்கை உரிந்து எரிந்தது. மூன்றாவது சாலில் மேழி துள்ளி அவர் மோவாயில் இடித்தது. நிலம் இருக்கிற அளவைப் பார்த்தால், இந்த வேகத்தில் பதம் போன பிறகும் பத்து நாள் ஆகும். அது அவருக்கும் தெரிந்தது, வரப்பில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. கலியம்மாளின் கை விதைக் கூடைக்குள் போகவே இல்லை.

அப்போது வரப்பிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். நல்ல உயரம், காதில் கடுக்கன். நேரே வந்து அவர் கையிலிருந்த மேழியைப் பிடித்தான்.

"நவுருங்க சார். பூமிய இப்படியா கேவலப்படுத்துவாங்க. பாக்கச் சகிக்கல."

"நீங்க?"

"வீரமுத்து."

மரியசூசை மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். இரண்டு மாசமாக ஒரு கூட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்த ஆள் பக்கத்தில் நின்றான். முகத்தில் கூச்சமும் இல்லை, வருத்தமும் இல்லை. கோணல் சாலைப் பார்த்த எரிச்சல் மட்டுந்தான் இருந்தது.

வீரமுத்து குனிந்து கொழுவைத் தட்டிச் சரிசெய்தான். மாடுகளின் குளம்பைத் துடைத்துவிட்டான். பிறகு நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். ஏலாக்குறிச்சி மாடுகள், இத்தனை நேரம் இவன் எங்கே போனான் என்பது போல நடக்க ஆரம்பித்தன. சால் நூல் பிடித்தாற்போல் போயிற்று. மூன்றாவது சுற்றில் தன் வீட்டுக்கு ஆளனுப்பித் தன் சோடியையும் கொண்டுவரச் சொன்னான். அதைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே ஏரைக் கட்டினார்கள். பட்டினி கிடக்கிற மாடுகள் எப்படியோ நுகத்தில் நின்றன. மறுநாள் பொழுது சாய்வதற்குள் நிலம் முழுக்க உழுது விதைத்தாயிற்று. கலியம்மாள் சோளத்தையும் மல்லியையும் விசிறியபடி ஒவ்வொரு ஏரின் பின்னாலும் நடந்தாள். வீரமுத்துவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் கூழ் கொடுத்தபோது மட்டும் அவன் செம்பில் ஒரு வெங்காயம் கூடுதலாகப் போட்டாள்.

வேலை முடிந்து மாடுகளைக் கழுவிக்கொண்டிருந்த மரியசூசையிடம் வந்தாள்.

"ரொம்ப உபகாரம். மோவாய்க்கு மஞ்சப் பத்து போடுங்க. காயிதம் எப்ப எழுதுவீங்க?"

அவர் திகைத்துப்போனார். "இன்னுமா அது? அவரே வந்து உழுதுட்டாரே. இதுக்கப்புறம் அவரு பேரை எழுதினா நல்லாருக்குமா?"

"அவன் உழுதது வேற. அவன் எருமை தின்னது வேற."

"மனசு மாறித்தானே வந்தாரு."

"மனசு மாறியிருந்தா, அண்ணி, என் எருமைதான் தின்னுச்சுன்னு சொல்லியிருப்பான். சால் கோணலா இருந்துச்சு, அவனுக்குப் பொறுக்கல, வந்தான். நல்லவன்தான். நான் இல்லங்கல." அவள் வரப்பைக் காட்டினாள். அங்கே நின்றவர்கள் வீரமுத்துவைச் சுற்றிக்கொண்டு அவன் ஓட்டிய சாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "கேளுங்க. உழுதது வீரமுத்து, உழுதது வீரமுத்துன்னு ஊரே பேரு சொல்லுது. தின்னது மட்டும் ஊர் மாடா?"

மரியசூசை மாட்டின் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

தையில் தடை தானாகவே முடிந்து ஊர் மாடுகள் ஏரிக்குப் போயின. கலியம்மாளுக்குச் சோளம் நடுத்தரமாகவும் மல்லி நன்றாகவும் கண்டது. அடுத்த வருஷம் ஏர்மாத்துக்கு யாரும் மறுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று மரியசூசை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் அரியலூர்ச் சந்தைக்கு வரும்போதெல்லாம் கலியம்மாள் வேப்பமரத்தடியில் ஒரு நிமிஷம் நிற்பாள். கோபமாக அல்ல. கடையில் மீதி சில்லறை வாங்க நிற்பதைப் போல.

"ரைட்டரய்யா, நீங்க எனக்கு ஒரு பேரு பாக்கி."

"நெனப்புல இருக்குதும்மா."

"நெனப்புல இருந்தா போதுமா. காயிதத்துல இருக்கணும்."

அவள் போன பிறகு பிச்சைமுத்து கேட்பான். "எழுதிக் குடுத்துட்டாத்தான் என்ன அண்ணே? இப்ப எந்த ஆபீசர் அதை எடுத்துப் பாக்கப்போறாரு? அந்த எருமையே செத்துப்போச்சாம்."

அதுதான் மரியசூசைக்கும் புரியவில்லை. வீரமுத்துவுக்கு இனி அதனால் ஒரு கெடுதலும் வராது. ஆளை மாற்றிப் பிடிக்கவும் வழியில்லை. அப்பாவின் கதை அங்கே பொருந்தவே இல்லை. பொருந்தாத இடத்திலும் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது இரக்கமா, பயமா? இத்தனை வருஷம் எழுதியதில் எத்தனை கலியம்மாள்கள் கட்டைவிரலை வைத்துவிட்டு, தங்களுக்கு நடந்தது வேறு என்று முணுமுணுத்துக்கொண்டு போயிருப்பார்கள்? சில நாள் வேலை இல்லாத பொழுதில் ஒரு காகிதத்தை எடுத்துத் தேதி போடுவார். 'வீ' வரைக்கும் கூடப் போனதுண்டு. அதற்குள் யாராவது ஆடு, வேலி, வரப்பு என்று வந்து நிற்பார்கள். அவருக்கு அது ஒரு நிம்மதியாக இருக்கும்.

1948இல் பெரம்பலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை கிடைத்தது. மேஜையைப் பிச்சைமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியும் மதலேனம்மாளும் பாத்திரம் பண்டமுமாக பஸ்ஸுக்கு வந்தார். நாவலங்குறிச்சிக்கு எப்படித் தெரிந்ததோ, கலியம்மாள் ஒரு துணிப்பை நிறையக் கொத்தமல்லியோடு அங்கே நின்றிருந்தாள். பையை மதலேனம்மாள் கையில் கொடுத்தாள்.

"இது நம்ம நெலத்து மல்லி. அவரு கோணலா உழுத பக்கத்துல வெளஞ்சது."

"அதான் கொஞ்சம் வளைஞ்சு நிக்குதா?" என்றாள் மதலேனம்மாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ் புறப்படும்போது கலியம்மாள் ஜன்னல் பக்கம் வந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"பெரம்பலூர் போனதும் முதல் வேலையா எழுதி அனுப்பறேன்."

"சரிங்க" என்றாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

வருஷா வருஷம் தை மாசத்தில் பஸ் கண்டக்டர் கையில் ஒரு பை கொத்தமல்லி பெரம்பலூருக்கு வந்தது. 1949 தையில் வந்தபோது கண்டக்டர் பையை நீட்டிவிட்டு, "பேரு எழுதியாச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க, என்ன பேரு சார்?" என்று கேட்டான். மரியசூசை மேஜையைப் பார்த்தார். வக்கீலுக்காக எழுதிய நோட்டீஸ் ஒன்று மை காயாமல் கிடந்தது. அதில் கொட்டைகள் இன்னும் போட்டாகவில்லை.

"எழுதிக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க" என்றார்.

மதலேனம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த தையிலும் பை வந்தது. பேர் போகவில்லை.